கடினமான புஷ் மாட்டிய பிறகு காருக்குள் உறுமலும் அதிர்வும்: கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். என் கார் பத்து வருடம் ஓடிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்கள், அதாவது அந்த இணைப்பில் அதிர்வை வாங்கும் ரப்பர் துண்டுகள், வெடித்துப் போயிருந்ததால் ஒவ்வொரு வளைவிலும் முன்பக்கம் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் திரும்பும். எப்படியும் மாற்ற வேண்டும், நல்லதாகவே போட்டுவிடலாம் என்று லோயர் ஆர்ம், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார், என்ஜின் முன்னும் பின்னும் சாயாமல் பிடிக்கும் டார்க் மவுண்ட் மூன்றுக்கும் பாலியூரித்தேன் புஷ் வாங்கி ஒரே நாளில் மாட்டிவிட்டேன். ஸ்டீயரிங்கைத் தொட்டதும் வண்டி திரும்புகிறது, அதில் குறையே இல்லை. ஆனால் சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, நடு கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டி கலங்கலாகத் தெரிகிறது, 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் காதை அடைப்பது போல ஒரு உறுமல், வேகத்தடை ஏறினால் கிரீச். பின்சீட்டில் உட்கார்ந்து வந்த அம்மா அரை மணி நேரத்தில் தலை வலிக்கிறது என்றார்.

எல்லாம் சரியாக எனக்கு மூன்று மாதம் ஆனது. இவ்வளவு நாள் ஆனதற்கு ஒரே காரணம், இது எல்லாவற்றையும் ஒரே பிரச்சினை என்று நினைத்து ஒரே மருந்து தேடியதுதான். காரில் இருந்தது நான்கு வேறு வேறு சத்தம், நான்குக்கும் வேறு வேறு காரணம். அவற்றைப் பிரித்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது. போட்ட கடினமான புஷ்களில் முக்கால்வாசி இன்றும் வண்டியில்தான் இருக்கின்றன. அந்தப் பிரிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ரப்பர் புஷ் என்ன செய்துகொண்டிருந்தது

கம்பெனி புஷ் பெரும்பாலும் இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவில் ரப்பரை ஒட்டவைத்த ஒரு துண்டு. உள்குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும், வெளிக்குழாய் ஆர்மில் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது எதுவும் சுழலாது, நடுவில் உள்ள ரப்பரே முறுக்கிக்கொடுக்கும். சில புஷ்களில் ரப்பருக்குள் பிறை வடிவத்தில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். பலர் அதைச் செலவைக் குறைக்கும் வேலை என்று நினைக்கிறார்கள், அப்படியில்லை. அந்தத் திசையில் மட்டும் புஷ் மென்மையாக இருக்க வேண்டும் என்று திட்டமிட்டு விட்ட இடம் அது.

பாலியூரித்தேன் புஷ் வேறு ஜாதி. இரண்டு பாதியாக வரும், நடுவில் ஒரு இரும்புக் குழாய். அது முறுக்கிக்கொடுப்பதில்லை, அந்தக் குழாயின் மேல் வழுக்கிச் சுழலும். அதனால்தான் அதற்கு கிரீஸ் வேண்டும், ரப்பருக்கு வேண்டாம். கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். கம்பெனி ரப்பர் பொதுவாக 50 முதல் 70 வரை, சாலைக்கான பாலியூரித்தேன் 70லிருந்து 80 வரை, ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் போடுவது 90, 95. ரப்பருக்கும் சாலைக்கான பாலிக்கும் பத்து எண்தானே வித்தியாசம் என்று தோன்றும், ஓட்டும்போது அது மிகப் பெரிய வித்தியாசம், போதாக்குறைக்கு அந்த வெற்றிடமும் அடைபட்டுவிடுகிறது.

ஏன் சத்தம் இப்படித் திடீரென்று பெருகுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, இது புரிந்தால் மீதி எல்லாம் புரியும். மவுண்டுகளின், அதாவது என்ஜினைப் பாடியோடு பிடிக்கும் ரப்பர் தாங்கிகளின், மேல் உட்கார்ந்திருக்கும் என்ஜினை ஒரு தட்டு தட்டினால் அது தன்பாட்டுக்கு ஒரு வேகத்தில் ஆடும். உதாரணத்துக்கு வினாடிக்கு 10 முறை, அதாவது 10 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணின் 1.4 மடங்குக்கு மேல், அதாவது 14 ஹெர்ட்ஸுக்கு மேல் வரும் அதிர்வைத்தான் மவுண்ட் தடுக்கும். அதற்குக் கீழே வருவதை அப்படியே கடத்தும், சில இடங்களில் பெருக்கியும் கொடுக்கும். நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிதல் நடக்கிறது, ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, 800 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு சுமார் 27 முறை. 27 என்பது 14ஐ விட நல்ல உயரத்தில் இருப்பதால் பழைய ரப்பரில் ஐடில் அமைதியாக இருந்தது. இப்போது மவுண்டின் விறைப்பு நான்கு மடங்கானால் ஆடும் வேகம் இரண்டு மடங்காகி 20 ஆகும், எல்லைக்கோடு 28க்கு ஏறிவிடும். உங்கள் 27 இப்போது கோட்டுக்குக் கீழே. என்ஜின் அதேதான், ஐடில் அதேதான், நடுக்கம் மட்டும் நேரே உங்கள் கைக்கு வருகிறது.

மூன்று சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2024இல் வந்த புதிய ஸ்விஃப்ட் உட்பட இப்போது நம் ஊரில் விற்கும் பல சின்ன கார்கள் மூன்று சிலிண்டர்தான். அதில் சுற்றுக்கு ஒன்றரை முறைதான் எரிதல், 800 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 20. ஏற்கெனவே எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வண்டி அது. அதன் என்ஜின் மவுண்டைக் கடினமாக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 1: ஸ்பேனரைத் தொடாமல் ஒரு வாரம் குறிப்பு எடுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், நானும் தாண்டினேன். பக்கத்து சீட்டில் ஒருவரை உட்காரவைத்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சத்தம் எப்போது வருகிறது, எந்த ஆர்பிஎம், எந்த வேகம், கியர் எது, ஏசி ஓடுகிறதா, ரோடு எப்படி, கையில் தெரிகிறதா சீட்டில் தெரிகிறதா காதில் மட்டுமா. என்ஜின் குளிர்ந்திருக்கும்போதும் சூடான பிறகும் தனித்தனியாக.

மொபைலில் ஒலியின் அலைவரிசையைக் காட்டும் இலவச ஆப்கள் உள்ளன, அதிர்வைக் காட்டுபவையும் உள்ளன. அதிர்வு ஆப் வினாடிக்கு 100 முறை அளக்கிறது என்றால் 50 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அதை நம்பலாம், அதற்கு மேல் மைக்கைப் பயன்படுத்தும் ஆப்பைப் பாருங்கள். மொபைலை டாஷ்போர்டு ஸ்டாண்டில் மாட்டாதீர்கள், ஸ்டாண்டின் ஆட்டம்தான் பதிவாகும். சீட்டின் அடி தண்டவாளத்தில் டேப் போட்டு இறுக ஒட்டுங்கள்.

பிறகு கணக்கு. ஆர்பிஎம்மை 60ஆல் வகுத்து நான்கு சிலிண்டருக்கு 2ஆல், மூன்றுக்கு 1.5ஆல் பெருக்கினால் என்ஜினின் எண். டயருக்கு, 185/65 ஆர்15 அளவு டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர், எனவே 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு 14 முறை சுற்றும், 80இல் 11 முறை. ஆப்பில் தெரியும் சிகரம் எந்த எண்ணோடு ஒத்துப்போகிறதோ அங்கேதான் அதன் ஊற்று. என் உறுமல் 67 ஹெர்ட்ஸில் இருந்தது, 2,000 ஆர்பிஎம்முக்கு அப்படியே பொருந்தியது. இன்னொன்றும் பொருந்தியது: காருக்குள் முன்சுவரிலிருந்து பின்கதவு வரை சுமார் 2.5 மீட்டர், அந்த நீளமுள்ள காற்றுப் பெட்டி 69 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாக முழங்கும். என்ஜின் தரும் எண்ணும் பெட்டி முழங்கும் எண்ணும் ஒன்றாகிவிட்டதால்தான் காது அடைத்தது.

படி 2: நான்கு குடும்பமாகப் பிரியுங்கள்

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு மெதுவாக ஆர்பிஎம்மை ஏற்றுங்கள். நின்ற இடத்திலேயே உறுமல் வந்தால் அது என்ஜின் பக்கம்: மவுண்ட், சைலன்சர், ஏதாவது குழாய். நின்றால் வரவில்லை, ஆனால் மூன்றாம் கியரில் ஏற்றத்தில் மிதிக்கும்போது வருகிறது என்றால் அதுவும் என்ஜின் பக்கம்தான், இழுவை வரும்போது மவுண்ட் ஒரு பக்கம் நசுங்கி இன்னும் விறைக்கிறது.

அடுத்தது, ஆளில்லாத நேரான ரோட்டில் 80 வரை போய் நியூட்ரலுக்கு மாற்றி உருளவிடுங்கள். ஆர்பிஎம் விழுந்தும் சத்தம் அப்படியே இருந்து வேகத்தோடு மெல்லக் குறைந்தால் அது டயர், வீல் பேரிங், ரோடு. தயவுசெய்து இதற்காகச் சாவியை அணைக்காதீர்கள், பிரேக் பூஸ்டரின் உதவி போய்விடும், ஸ்டீயரிங் லாக் ஆகிவிடவும் கூடும்.

மூன்றாவது குடும்பம், அடிபடும்போது மட்டும் வருவது: குழி, மேம்பாலத்தின் இணைப்பு, ரோட்டில் வெள்ளைக் கோடு போட்டு வைத்திருக்கும் அடுக்குத் தடைகள். நான்காவது கிரீச், முனகல், மெதுவாக வேகத்தடை ஏறும்போதும் நின்றபடி ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதும். இது கிட்டத்தட்ட எப்போதுமே கிரீஸ் விஷயம்.

படி 3: மாட்டிய வேலையைச் சரிபாருங்கள்

புஷ்ஷைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைச் செய்தே ஆக வேண்டும். என் வண்டியில் பாதிப் பிரச்சினை இங்கேதான் இருந்தது.

வண்டியை ஜாக்கியில் தூக்கி சக்கரம் தொங்கும் நிலையிலேயே லோயர் ஆர்ம் போல்ட்டை இறுக்கிவிடுவது நம் பட்டறைகளில் பரவலாக நடக்கிறது. ரப்பர் புஷ்ஷுக்கு அது கேடு. தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டியைக் கீழே இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், அதாவது நிற்கும்போதே பாதி இழுபட்டிருக்கும். அப்புறம் குழியில் விழும்போது மிருதுவாகக் கொடுக்க அதனிடம் மிச்சமில்லை, விறைப்பாகவே அடிக்கும், சீக்கிரம் கிழியவும் செய்யும். பாலியூரித்தேன் சுழலும் வகை என்பதால் அதற்கு இந்தக் கவலை குறைவு, ஆனால் உங்கள் வண்டியில் எல்லா இடத்திலும் பாலி போட்டிருக்க மாட்டீர்கள், மீதியிருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டையும் கழற்றித்தானே மாட்டினார்கள்.

சரிசெய்வது எளிது. நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்படி பள்ளத்தின் மேலோ, சக்கரத்தோடு தூக்கும் ரேம்பிலோ நிறுத்தி, அந்த போல்ட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, வண்டியை நான்கைந்து முறை அமுக்கிவிட்டு, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பள்ளம் கிடைக்கவில்லை என்றால், வண்டி தரையில் நிற்கும்போது சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பில் அளந்து வைத்துக்கொண்டு, தூக்கிய பிறகு ஆர்மின் அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும்வரை ஏற்றி இறுக்கலாம். ஆனால் லேசான வண்டியில் அந்த அளவு வருவதற்குள் வண்டியே ஸ்டாண்டிலிருந்து எழும்பப் பார்க்கும், எழும்பினால் உடனே நிறுத்திவிடுங்கள். எந்த நிலையிலும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. சில போல்ட்டுகள் ஒரே முறை பயன்படுத்தும் ரகம், புத்தகத்தில் அப்படிப் போட்டிருந்தால் புதிது வாங்கிவிடுங்கள்.

அடுத்து புஷ்ஷின் திசை. வெற்றிடமுள்ள புஷ்ஷில் அம்புக்குறியோ கோடோ இருக்கும். 90 டிகிரி திருப்பி ஏற்றிவிட்டால் மென்மையாக இருக்க வேண்டிய திசையில் விறைப்பாகவும், விறைப்பாக இருக்க வேண்டிய திசையில் தொளதொளவென்றும் ஆகிவிடும். பாலி புஷ்ஷில் பார்க்க வேண்டியது நடுக்குழாயின் நீளம். குழாய் புஷ்ஷை விட ஒரு மயிரிழையளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் போல்ட் குழாயை இறுக்கும். குழாய் குட்டையாக இருந்தால் போல்ட் பாலியையே நசுக்கிப் பிடித்துவிடும், ஆர்ம் சுதந்திரமாக அசையாது, முனகலும் வரும். எனக்கு ஒரு பக்கம் அப்படித்தான் வந்தது. கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை, சரியான நீளத்தில் குழாய் கடைந்து வாங்கினேன், அந்தப் பக்கத்து முனகல் அன்றோடு போனது.

பழைய புஷ்ஷை எப்படி எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். கேஸ் வைத்து ரப்பரை எரித்து எடுப்பது வழக்கத்தில் இருக்கிறது. அந்தப் புகை நுரையீரலுக்கு நஞ்சு, சூடு ஆர்மின் பெயின்ட்டை எரித்து துருவுக்கு வழிவிடும், அலுமினிய ஆர்ம் என்றால் அதன் பலமே குறையும். ஹைட்ராலிக் பிரஸ் உள்ள இடத்தில் கொடுங்கள்.

இப்போது பலர் கவனிக்காத ஒரு விஷயம், எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் இதுதான். புதிய மவுண்ட் போட்டதும் என்ஜின் சில மில்லிமீட்டர் மேலேயோ பக்கவாட்டிலோ நகர்ந்து உட்காரும். அதனால் சைலன்சர் குழாய் இழுபட்டு நிற்கலாம், ஏசி குழாய் பாடியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், சைலன்சரின் வெப்பத் தகடு கிராஸ் மெம்பரை, அதாவது அடியில் உள்ள குறுக்குச் சட்டத்தை, உரசலாம். இரும்போடு இரும்பு ஒரே ஒரு இடத்தில் தொட்டாலும் போதும், நீங்கள் எவ்வளவு மென்மையான மவுண்ட் போட்டிருந்தாலும் அதிர்வு அந்தக் குறுக்கு வழியில் உள்ளே வந்துவிடும். என்ஜின் ஆறிய பிறகு டார்ச் அடித்து, ஒரு தடித்த அட்டையை ஒவ்வொரு இடைவெளியிலும் விட்டுப் பாருங்கள். நுழையாத இடமெல்லாம் சந்தேகத்துக்குரியது. பளபளவென்று தேய்ந்த தழும்பு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

மவுண்டுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்பதும் உண்டு. என்ஜினை அணைத்து, அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, மவுண்ட் போல்ட்டுகளை ஒன்றிரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, என்ஜினைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து அது தானாக உட்காரும்படி விட்டு, புத்தகத்தில் சொன்ன வரிசையில் இறுக்குங்கள். சைலன்சர் குழாயின் இணைப்பையும் இதேபோல் தளர்த்தி இறுக்கினால் நல்லது. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஸ்டீயரிங் நடுக்கத்தில் எனக்குப் பாதி இதிலேயே குறைந்தது.

கடைசியாக வீல் அலைன்மென்ட். ஆர்ம் கழற்றிய வண்டிக்கு அது கட்டாயம்.

படி 4: கிரீச்சை நிறுத்துங்கள்

எந்தப் புஷ் கத்துகிறது என்று கண்டுபிடிக்க ஒரு பாட்டில் தண்ணீர் போதும். ஒருவர் வண்டியின் மூலையை அமுக்கி அமுக்கி விட, இன்னொருவர் ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். எதில் பட்டதும் சத்தம் அடங்குகிறதோ அதுதான். காய்ந்ததும் திரும்ப வரும், பரவாயில்லை, ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம்.

அந்தப் புஷ்ஷைக் கழற்றித் துடைத்து, நடுக்குழாயை மெல்லிய எமரி தாளால் பளபளப்பாக்கி, சிலிக்கானில் செய்த கெட்டியான, ஒட்டும் தன்மையுள்ள கிரீஸை உள்ளேயும் பக்கவாட்டு முகங்களிலும் பூசி மாட்டுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் சில மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். ஸ்டெபிலைசர் பார் புஷ் என்றால் பாரில் அந்த இடத்தில் உள்ள துருவைச் சுரண்டி எடுப்பதுதான் முக்கிய வேலை, துருவின் மேல் எந்த கிரீஸும் நிற்காது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய தண்ணீரில் ஓட்டிய வண்டிக்கு மார்கழியில் ஒருமுறை புதிதாகப் பூச வேண்டியிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் புஷ்ஷுக்கு இந்த வைத்தியம் கூடாது. பெட்ரோலிய எண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ அடித்தால் அன்றைக்குச் சத்தம் நிற்கும், ரப்பர் ஊறி உப்பி சீக்கிரம் கெட்டுப்போகும்.

படி 5: டொக் சத்தத்துக்குப் பழைய பாகங்களைப் பாருங்கள்

கடினமான புஷ் அடியை வாங்கிக்கொள்ளாது, பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடும். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் இணைப்புகளான பால் ஜாயின்ட், ஸ்டெபிலைசர் பாரைப் பிடிக்கும் லிங்க் ராடு, ஸ்ட்ரட் மேல் மவுண்ட், ரேக் எண்ட் இதில் எதிலாவது லேசான ஆட்டம் இருந்திருந்தால், இதுவரை ரப்பர் அதை மூடி வைத்திருந்தது, இப்போது கேட்கிறது. வண்டி நிற்கும்போது ஒருவர் ஸ்டீயரிங்கை இடது வலது ஆட்ட, நீங்கள் லிங்க் ராடின் மேல் விரல் வைத்துப் பாருங்கள், ஆட்டம் விரலில் சொல்லும். ஸ்ட்ரட் மேல் மவுண்டுக்கு பானெட்டைத் திறந்து அதன் தலையில் கை வைத்துப் பாருங்கள். புஷ் மாற்றும்போதே லிங்க் ராடையும் மாற்றியிருந்தால் இந்தப் படி உங்களுக்கு வேண்டாம்.

படி 6: அதிர்வின் ஊற்றைக் குறையுங்கள்

இதில் பெரிய சூட்சுமம் இல்லை. முன்பு உணராத குறைகள் இப்போது தெரிகின்றன, அவற்றைத் தீர்த்துவிட வேண்டும். என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யுங்கள், ஸ்பார்க் பிளக் காலாவதியாகியிருந்தால் மாற்றுங்கள், ஒரு சிலிண்டர் லேசாகத் தடுமாறினாலும் கடினமான மவுண்டில் அது அப்பட்டமாகத் தெரியும். வீல் பாலன்ஸிங் செய்யுங்கள், ஐந்து பத்து கிராம் வித்தியாசம்கூட இப்போது ஸ்டீயரிங்கில் வரும். டயர் காற்றை, வண்டி ஓடுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரின் அளவுக்கு வையுங்கள். காற்றடிக்கும் இடங்களில் நாம் கேட்காமலேயே கூடுதலாக அடித்து அனுப்புவது சகஜம். அதிகக் காற்றும் கடினமான புஷ்ஷும் சேர்ந்தால் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் உள்ளே வரும்.

படி 7: ஒவ்வொன்றாகத் திரும்ப மென்மையாக்குங்கள்

இவ்வளவும் செய்தும் மிச்சமிருப்பதுதான் உண்மையிலேயே புஷ்ஷின் கடினத்தால் வருவது. இங்கே எல்லாவற்றையும் கழற்றி எறியத் தோன்றும், வேண்டாம். எல்லாப் புஷ்ஷும் ஒரே அளவு சத்தம் கடத்துவதில்லை, எல்லாப் புஷ்ஷும் ஒரே அளவு கையாளுதலைக் கூட்டுவதுமில்லை. அதனால் அதிகச் சத்தமும் குறைந்த பலனும் தருவதை முதலில் மாற்ற வேண்டும்.

அந்தப் பட்டியலில் எனக்கு முதலில் நிற்பது என்ஜினின் டார்க் மவுண்ட். சிலர் இதை டார்க் ராடு என்பார்கள், நாய் எலும்பு போல இருக்கும், என்ஜின் முன்னும் பின்னும் சாயாமல் பிடிப்பது. இதைக் கடினமாக்கினால் கியர் மாற்றும்போது ஒரு உறுதி தெரியும், அவ்வளவுதான், வளைவில் வண்டி திரும்புவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஐடில் நடுக்கத்தை இதைப்போல வேறெதுவும் கூட்டாது. நான் கம்பெனி ரப்பருக்கே திரும்பினேன். ரிவர்ஸில் வந்த உதறல், கண்ணாடி கலங்கல், 2,000 ஆர்பிஎம் உறுமல் மூன்றும் அன்று மாலையே போய்விட்டன. வளைவில் துளி வித்தியாசம் இல்லை. மவுண்டில் உள்ள ரப்பரின் வெற்றிடத்தை பாலியூரித்தேன் ஊற்றி அடைத்திருப்பவர்களும் முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும். மற்ற என்ஜின், கியர்பாக்ஸ் மவுண்டுகளுக்கும் இதே பேச்சுதான். ரப்பர் கலந்த புதிய மவுண்ட் என்றால் சில நூறு கிலோமீட்டர் ஓடிப் படிய நேரம் கொடுத்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது லோயர் ஆர்மின் பின்புஷ். ஹேட்ச்பேக்குகளில் பரவலாக இருக்கும் எல் வடிவ ஆர்மில் முன்புஷ், பின்புஷ் இரண்டுக்கும் வேலை வேறு. வளைவில் சக்கரம் பக்கவாட்டில் தள்ளும் பளுவைப் பெரும்பாலும் முன்புஷ் வாங்குகிறது. குழியில் விழும்போது சக்கரம் ஒரு நொடி பின்னால் நகர்ந்து அடியைத் தணிக்க இடம் கொடுப்பது பின்புஷ், வெற்றிடம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். எனவே வளைவில் கூர்மை வேண்டும் என்றால் முன்புஷ்ஷைக் கடினமாக வைத்துக்கொண்டு பின்புஷ்ஷை ரப்பரிலோ 70 ஷோர் பக்கமுள்ள மென்மையான பாலியிலோ போடுங்கள். நான் புதிய கம்பெனி ரப்பர் போட்டேன். அவினாசி ரோட்டில் ஒட்டுப்போட்ட இடங்களில் வந்த தடதடப்பு தாங்கும் அளவுக்கு இறங்கியது, வால்பாறை வளைவில் கூர்மை கொஞ்சம் குறைந்தது உண்மைதான், அம்மா பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வருவதற்கு அது நியாயமான விலை.

கிராஸ் மெம்பர் புஷ், பின்சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் பின்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலின் புஷ், இவற்றைக் கடினமாக்கினால் கியர் பற்களின் ரீங்காரம் உள்ளே வரும். வேகம் ஏற ஏறச் சுருதி ஏறும் மெல்லிய ஊளை அது. அது உங்களைத் தொந்தரவு செய்தால் மென்மையாக்குவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷை அப்படியே விட்டுவிடுங்கள். வண்டி சாய்வதைக் குறைப்பதில் நல்ல பலன், கிரீஸ் ஒழுங்காக இருந்தால் சத்தம் மிகக் குறைவு. கடினமான புஷ் ஒன்றே ஒன்று போடப் போகிறீர்கள் என்றால் இதைத்தான் போடச் சொல்வேன்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு நாள் ஓட்டி, படி 1இல் எழுதிய நோட்டோடு ஒப்பிட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரே நாளில் மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

படி 8: உள்ளே ஒட்டும் வேலை, கடைசியில்

சத்தம் என்றதும் எல்லோரும் முதலில் ஓடுவது டேம்பிங் ஷீட் கடைக்கு. அந்த பியூட்டைல் ஷீட் தகடு முழங்குவதை அடக்கும், அதாவது நூறு, இருநூறு ஹெர்ட்ஸில் தரைத்தகடும் கதவுத்தகடும் தகரம் போலப் பாடுவதை. 27 ஹெர்ட்ஸ் ஐடில் நடுக்கத்துக்கு அதனால் பயனில்லை, முழு காரையும் மூடினாலும் ஸ்டீயரிங் நடுங்கத்தான் செய்யும். மேம்பால இணைப்பில் ஏறும்போது டயரின் உள்காற்று முழங்கி வரும் ஒரு "ம்ம்ங்" உண்டு, நான் மேலே சொன்ன அளவு டயருக்கு 220 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். அது தகடுகளை முழங்கவைத்து உள்ளே வருவதால் ஷீட் கொஞ்சம் உதவும்.

கார்பெட்டைத் தூக்கிவிட்டு விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டங் என்று ஒலிக்கும் இடத்தில் ஒட்டுங்கள், தொப் என்று ஒலிக்கும் இடத்தில் வேண்டாம். ஒரு தகட்டின் நடுவில் கால் பங்கு பரப்பை மூடினாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடும், முழுவதும் ஒட்டுவது எடையும் பணமும்தான். பின்சக்கர வளைவின் உட்பக்கத்தையும் முன்சீட்டுக் கால் வைக்கும் தரையையும் முதலில் பாருங்கள். சீட் பெல்ட் கொக்கி, நம்பர் பிளேட், பின்பக்கப் பார்சல் தட்டு, டாஷ்போர்டு மூட்டுகள் இவற்றின் கடகடப்புக்குத் துணி டேப் போதும்.

என் காரில் இந்தப் படிக்கு வந்தபோது மிச்சமிருந்தது பின்சக்கர வளைவில் ஒரு முழக்கம் மட்டும்தான். இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு ஷீட் ஆனது. போன மாதம் திரும்பவும் வால்பாறைக்குப் போனோம், 2,000 ஆர்பிஎம்மில் ஏறும்போது அம்மா பேசுவது பின்சீட்டிலிருந்து தெளிவாகக் கேட்டது.